பஸ்மினா எழுதிய மன்னிப்பு மனு

கல்முனை நீதிமன்றத்துக்கு எதிரே நான் போட்டோப் பிரதி எடுக்கும் கடையில், பக்கத்து மேசை பஸ்மினாவுடையது. மனு எழுதுகிறவள். மருதமுனைக்காரி, வாய் கொஞ்சம் நீளம். எங்கள் சனங்களுக்கு எதற்கெடுத்தாலும் ஜனாதிபதிக்கு எழுத வேண்டும். வீட்டு முன்னால் கழிவுநீர்க் கான் அடைத்தாலும் ஜனாதிபதி, இறக்காமத்து வயலில் யானை இறங்கினாலும் ஜனாதிபதி.

“காக்கா, அவருக்கு முப்படை இருக்கு, அமைச்சர்மாரை வெக்கவும் எடுக்கவும் அதிகாரம் இருக்கு. உங்கட கானைத் துப்பரவாக்கிறது மாநகர சபைட வேலை,” என்று வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுவாள். ஆண்கள் எல்லாரும் அவளுக்குக் காக்கா, அதாவது அண்ணன்தான். மேசையில் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதி மூலை மடிந்து கிடக்கும். சட்டத்தரணிமாரே சில நேரம் அவளிடம் வந்து கேட்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

பாண்டிருப்புச் செல்லத்தங்கத்தை மட்டும் அவள் திருப்பி அனுப்பவில்லை. அவருடைய தம்பி தனஞ்சயன் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, பதினாலு வருடமாக உள்ளே இருந்தான். மேன்முறையீடும் தள்ளுபடியாகிவிட்டது. இனி அவனை வெளியே விடக்கூடியவர் ஜனாதிபதி ஒருவர்தான்.

“அவன் செய்யல்ல எண்டு எழுதுங்க தங்கச்சி.”

“அத விசாரிக்கிறது கோர்ட்டு அக்கா. அது முடிஞ்சு. ஜனாதிபதிக்கிட்ட மன்னிப்புத்தான் கேக்கலாம்.”

“செய்யாததுக்கு எப்பிடி மன்னிப்புக் கேக்கிற?”

பஸ்மினா பேனாவை மூடி வைத்தாள். “தம்பிக்கிட்டயே கேட்டுட்டு வாங்க,” என்றாள்.

மறுவாரம் செல்லத்தங்கம் சிறைக்குப் போய்விட்டு வந்தார்.

“செய்தன் எண்டே எழுதச் சொல்றான்.”

தம்பிக்காகப் பதினாலு வருடம் ஊரோடு சண்டை பிடித்த பெண். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

“இனி மன்னிப்புக் கேட்டு என்ன?” என்றார்.

“இனித்தான் அக்கா கேக்க ஏலும்,” என்றாள் பஸ்மினா.

மனுவின் முதல் வரியில் இறந்தவரின் பெயரை எழுதினாள். பிறகு நடந்தது முழுவதையும் சாக்குப்போக்கு இல்லாமல் எழுதினாள். இப்படி எழுதினால் யார் விடுவார்கள் என்று நான் அவளோடு வாதாடினேன்.

“காக்கா, நீங்க உங்கட மெசினப் பாருங்க.”

ஒன்றரை வருடம் கழித்து, ஜனாதிபதி தண்டனையைக் குறைத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. போன மாதம் விடுதலையாகித் தனஞ்சயனே கடைக்கு வந்தான். மனுவின் பிரதியைக் கேட்டு வாங்கி, நின்றபடியே வாசித்தான்.

“நான் செய்ததெல்லாம் இதில இருக்கே. பிறகும் எப்பிடி விட்டாங்க?”

“செய்தவங்களுக்குத்தான் தம்பி அந்த மன்னிக்கிற அதிகாரத்த வெச்சிருக்காங்க,” என்று சொல்லி, பஸ்மினா அவனுக்கு உட்கார ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.