கொடியில் கிடந்த ஊதாச் சேலை

துணி காயப்போடும் கொடிக்கு வாங்கிய கயிறு பிரியாமலிருக்க அதன் முனையைத் தீக்குச்சியில் பொசுக்கினேன். நைலான் கருகும் வாடை வந்ததிலிருந்து உட்கார முடியாமல் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். அம்மா வேலைபார்த்த தீப்பெட்டி ஆபீஸ் வாசலில்தான் என் லீவு நாட்கள் கழிந்தன. அங்கே இப்போது பெட்ரோல் பங்க். அப்போது தீப்பெட்டி செய்ய வரும் பெண்கள் பஸ்ஸில் உடுத்திவந்த நைலான் சேலையை மாற்றி, பழைய நூல்சேலையோடு உள்ளே போவார்கள். கழற்றியவையெல்லாம் கொடியில் கிடந்து கரிசல்காட்டுக் காற்றில் பொழுதுக்கும் படபடக்கும்.

"ஏட்டி செல்வி, மாத்திட்டு உள்ள போ. தீப்பட்டா உருகித் தோலோட ஒட்டிக்கிடும்" என்று பக்கத்து வீட்டு அக்காவை அம்மா தினமும் அதட்டுவாள். தீக்குச்சி மருந்து கலக்கும் அறை வெடித்த அன்றும் செல்வியக்கா மாற்றிக்கொண்டுதான் போனாள். சாயங்காலம் அவளுடைய ஊதாச் சேலை மட்டும் கொடியில் மிஞ்சியது. எடுக்க யாருக்கும் கை வரவில்லை. நூல்சேலை என்றால் ஐப்பசி மழையில் இற்றுப்போயிருக்கும். இது நனைந்த வேகத்தில் காய்ந்து, மறுபடியும் படபடத்தது.