பட்டி போட்ட கொல்லையின் கீரை

யூரியா என்றால் எனக்கு அப்போது ஒரே மோகம். ஒரு பிடி தூவச் சொன்னால் இரண்டு பிடி தூவுவேன். ஏரியூர்ப் பக்கம் எங்களுக்கு விவசாயம். எழுபதுகளின் தொடக்கம் அது. கிணற்றடிப் பாத்தியில் முளைக்கீரை உள்ளங்கை அகலத்துக்குக் கருகருவென்று நின்றது. போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவேன்.

அந்த நேரம் பார்த்து என் மனைவிக்கு விஷக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, ஆனால் நாக்கு செத்துப்போனது. கீரை நிறையச் சாப்பிட்டால்தான் எழுந்து நடப்பாள் என்றார் தருமபுரி டாக்டர். கீரையா? என்னிடமா? எனக்குத் தலைகால் புரியவில்லை. நானே களி கிண்டி, நானே கீரை கடைந்தேன். சட்டி நிறைய அள்ளிப் போட்டால் வெந்து ஒரு கைப்பிடி ஆகும், மீதியெல்லாம் தண்ணீர். அவள் இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிடுவாள்.

"மண்ணத் திங்கற மாதிரி இருக்குதுங்க. போதும்."

மூன்று வாரம் இதே கதைதான். அவள் வளையல் முழங்கை வரை ஏறியது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் பாத்தி முழுக்கப் புழு. என் யூரியாக் கீரை புழுவுக்குப் பிடித்திருக்கிறது, என் மனைவிக்குத்தான் பிடிக்கவில்லை! கடுப்போடு மேட்டுக் கொல்லைக்குப் போனேன். கோடையில் அது வெறுமனே கிடந்தபோது அங்கே செம்மறி மந்தையைப் பட்டி போட்டு அடைத்திருந்தோம். பத்து நாள் புழுக்கையும் மூத்திரமும் செம்மண்ணில் இறங்கியிருந்தன. மழை விழுந்ததும் முளைக்கீரை தானாகவே முளைத்திருந்தது, குட்டை குட்டையாக, சிவந்த தண்டோடு. இதெல்லாம் ஒரு கீரையா என்று அதுவரை மிதித்துப் போனவன் நான்.

வேறு வழியில்லாமல் அதைப் பறித்து வந்து வேகவைத்தேன். வாசமே வேறாக இருந்தது. கடைந்த மத்தில் ஒட்டியதை நக்கிப் பார்த்தேன். அடேயப்பா! இலைக்குள் இப்படி ஒரு ருசியா? நம்ப முடியாமல், பாத்தியில் புழு விட்டுவைத்த நாலு இலையையும் தனியாக வேகவைத்துத் தின்றேன். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. இரண்டும் ஒரே முளைக்கீரைதான், மண்தான் வேறு.

களி உருண்டையைத் தட்டில் வைத்து, மேலே கீரையை ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்து முகத்தைச் சுளித்தாள். இன்னொரு வாய் வைத்தாள்.

"ஏனுங்க, கீரை ருசியாத்தான் இருக்குது. உப்பே போடலீங்களா?"

போடவில்லை! பரபரப்பில் மறந்தே போயிருந்தேன். போன வாரமும் ஒருநாள் மறந்தேன், அன்றைக்கு அவளுக்குத் தெரியவே இல்லை. டாக்டரைக் கேட்டால் நாக்கு திரும்பும் நாள் வந்துவிட்டது என்பார். சொல்லட்டும். எனக்கு அது மண்ணின் வேலைதான்.

உப்பு ஜாடியை எடுக்க ஓடிய ஓட்டத்தில் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டேன். வலிக்கவே இல்லை. திரும்பி வந்தால் தட்டு காலியாக இருந்தது.

"உப்பு கெடக்கட்டும். இன்னொரு கரண்டி ஊத்துங்க" என்றாள்.