பாதி வாடகைப் படுக்கை

இதை யாரோ சொல்லிக் கேட்டு எழுதவில்லை. என் முதுகில் பட்டதை எழுதுகிறேன்.

கிடங்கில் இரவெல்லாம் மூட்டை தூக்குகிறவன் நான். அந்த வட்டாரத்தில் ஓர் அறை எடுத்தால் சம்பளத்தில் முக்கால்வாசி வாடகைக்கே போய்விடும். அதனால் புரோக்கர் பாதி வாடகைக்கு, ஒரு மாடி அறையில் இருந்த ஒரே படுக்கையைப் பிடித்துக் கொடுத்தார். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை எனக்கு. மீதி நேரம் ஒரு பெயிண்டருக்கு. இரண்டு பங்கையும் நானே எடுக்கிற அளவு கையில் சேர்ந்ததும் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டி வருவதாக இருந்தேன். மகளை நான் இன்னும் தூக்கியதுகூட இல்லை.

பெயிண்டரை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் காலையில் படுத்தால் மெத்தை சூடாக இருக்கும். இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார் என்று நினைப்பேன். ஒருநாள் லாரி தாமதமாகி எட்டேகாலுக்கு வந்தேன். அப்போதும் சூடு...

“என்னைவிட அவரோடதான் அதிகமா குடும்பம் நடத்துறீங்க” என்று போனில் சிரித்தாள் மனைவி.

போன மாதம் பன்னிரண்டாம் தேதி இடுப்பு பிடித்துக்கொண்டது. வேலைக்குப் போகவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அவர் வந்து தட்டினால் சொல்லிக்கொள்ளலாம்.

மாலை மணி 5.58. மாடிப்படியில் செருப்புச் சத்தம். சரக்... சரக்...

6.00. நின்றது. யாரும் தட்டவில்லை.

6.03. என் முதுகுக்குப் பின்னால் மெத்தை அமுங்கியது.

கிறீச்...

சூடு.

“எந்திரிக்க வேணாம்... கொஞ்சம் நகந்து படுங்க.”

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. நான்தான் திறந்தேன்.

கீழே வீட்டுக்காரம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, அந்தப் பெயிண்டர்...”

“புரோக்கர் சொல்லலையா? அவன் போய் நாலு மாசம் ஆச்சு. அந்தப் பங்கு காலிதான். வேணும்னா சும்மாவே எடுத்துக்க, குடும்பத்தக் கூட்டிட்டு வா.”

“எங்க போனாரு?”

துணியைக் கீழே வைத்தார்.

“தூக்கத்துலயே போயிட்டான். உனக்கு முன்ன பகல்ல இருந்த ஆள் காலைல வந்திருக்கான். இவன் அசந்து தூங்குறான், எழுப்ப வேணாம்னு பக்கத்துலயே படுத்துட்டான். சாயங்காலம்தான் தெரிஞ்சுது. முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கே உயிர் போயிருக்குன்னாரு டாக்டர். அந்த ஆள் ஒத்துக்கவே இல்ல.”

“ஏன்?”

“பகல் முழுக்க மெத்தை சூடா இருந்துச்சாம்.”

அன்றே மனைவிக்குப் போன் செய்து, இப்போதைக்கு வர வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள்.

“படுக்கையில இடமில்ல” என்றேன்.