எடை குறையாத கப்பல்

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நீல அட்டை, எண்பது பக்கம். முதல் பக்கத்தில் என் பதினொரு வயதுக் கையெழுத்தில் ‘கப்பல் பதிவு’ என்று இருக்கும். நாற்பத்தொரு பக்கம்தான் எழுதியிருக்கிறோம்.

அப்போது பினாங்குத் தீவில், சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில் நாங்கள் மூன்று பேர்: அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. மாமாவுக்குப் பாயான் பாருவில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு, தூசு நுழையாத அறையில் நிற்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரையும் தினம் துணியால் துடைப்பார். அதிலிருந்த விளையாட்டும் அவர் கொண்டுவந்ததுதான். விண்வெளியில் துண்டு துண்டாக ஒரு கப்பலைக் கட்ட வேண்டும். கொள்ளையர் வந்து சுடும்போது அது தாங்க வேண்டும்.

எப்படித் தாங்கும் என்பதை மாமா சாப்பாட்டு மேசையில் தட்டையும் தம்ளரையும் வைத்து விளக்கினார். முதல் அடியை வாங்குவது கேடயம். கப்பலைச் சுற்றி நீலக் குமிழிபோல் நிற்கும். அடிபட அடிபடச் சக்தி குறையும். சற்று நேரம் அடி இல்லாவிட்டால் தானே ஊறிவிடும். அது தீர்ந்தால் கவசத் தகடு. தகடு ஊறாது, உடைந்த இடத்தில் நாம்தான் புதிது வைக்க வேண்டும். அதுவும் போனால் அறைகள். அறைகளுக்கு நடுவில் மையக்கல். அது உடைந்தால் கப்பலே இல்லை.

“கேடயம் வெளியில இருந்து வர்றத மட்டும்தான் தடுக்கும், பாப்பா. உள்ளுக்குள்ள கெட்டுப்போனா அதுக்குத் தெரியாதுலா.”

யார் உட்கார்ந்தாலும் நோட்டில் எழுத வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம்: தேதி, செய்த வேலை, திரையின் மூலையில் தெரியும் கப்பலின் எடை. அதுவரை மாமா ஒரு நாளும் தவறியதில்லை. நோட்டில் இல்லாதது நடக்கவில்லை என்று நம்பும் பிள்ளையாக நான் இருந்தேன்.

மாமாவுக்கு இரவு ஷிஃப்ட் வந்த வாரம், பள்ளி விட்டு வந்து விளையாட்டைத் திறந்தேன். கப்பலின் சாப்பாட்டு அறை இல்லை. மேசை, விளக்கு, சுவர் எதுவுமே இல்லை. அங்கே கருப்பு வெளி மட்டும். கேடயம் முழுதாக இருந்தது. கவசத்தில் ஒரு கீறல்கூட இல்லை. நோட்டில் பதிவு இல்லை. எடையைப் பார்த்தேன்: 1,240 டன். முந்தைய நாளும் அதேதான்.

மறுநாள் கப்பலின் பணிமனையும் போயிற்று. அதற்கடுத்த நாள் நடைபாதையில் பாதி. திரையில் நான் நகர்த்தும் என் பொம்மை நடக்கும்போது கேட்கும் காலடி ஓசை சட்டென்று நின்றது. பொம்மை மட்டும் ஒன்றுமில்லாத இடத்தில் நடந்துகொண்டே இருந்தது. எடை 1,240. நான் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தேன். அறைக் கதவுக்கு அப்பால் மாமா தூங்கும் மூச்சு கேட்டது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

மாலையில் அவரிடம் கேட்டேன்.

“மாமா, நீங்கதான் ரூமெல்லாம் எடுத்தீங்களா?”

“நான் காலையில வந்து படுத்தவன் லா. கனவுல வேணா எடுத்திருப்பேன்.”

“ஷிஃப்ட் முடிச்சு வந்தவன ஏன் நோண்டுற?” என்றார் அம்மா. “கப்பலாம் கப்பலு. ஹோம்வர்க் முடிச்சியா?” பிறகு மாமாவைப் பார்த்து, “நீயும் ஈர்க்குச்சி மாதிரி ஆயிட்டே. கேண்டீன்ல சாப்பிடுறியா இல்லியா?”

“டயட்டுக்கா. இந்த வயசுலயாவது ஹீரோ ஆக வேணாமா?”

அந்த வாரம் அவர் ஓர் ஆணியால் தம் பெல்ட்டில் புதிய துளை போட்டதை நான் பார்த்தேன். அதை நோட்டில் எழுதவில்லை. அது கப்பல் விஷயம் அல்ல.

வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்குக் கிளம்பும் முன் சாமி மாடத்திலிருந்து விபூதி எடுத்துக் கீபோர்டின் மேல் மெலிதாகத் தூவினேன். மனிதர் என்றால் விரல் தடம் இருக்கும். வேறு ஏதாவது என்றால் இருக்காது. அன்று முழுக்க வகுப்பில் எதுவும் காதில் ஏறவில்லை.

திரும்பி வந்தபோது கப்பலில் மாமாவின் அறை இல்லை. கீபோர்டில் சில எழுத்துகளின் மேல் விரல் தடம் இருந்தது. கீழே நீளமான ஸ்பேஸ் கட்டையில் மூன்று விரல் அகலத்துக்கு விபூதி வழித்து எடுக்கப்பட்டிருந்தது. தூசைக் கண்டால் துடைக்கும் மாமா அதை மட்டும் துடைக்காமல் விட்டிருந்தார்.

அவர் அறையிலிருந்து வந்து என் எதிரே உட்கார்ந்தார். கோவிலுக்குப் போனாலும் பூசாத நெற்றியில் மூன்று பட்டை.

“நீதான் வச்சியா?”

“ஆமா மாமா.”

“அப்ப உனக்குத் தெரிஞ்சிருச்சு.”

“தெரியும்,” என்றேன், கள்ளனைப் பிடித்த மிடுக்கில்.

“அம்மாவுக்கு?”

“நான் மட்டும்தான்.”

“சொல்லாத, பாப்பா. தீபாவளி முடியட்டும். நானே சொல்றேன்.”

கப்பல் அறைகளுக்காக அம்மாவிடம் இவ்வளவு பயமா என்று தோன்றியது. இருந்தாலும் சத்தியம் செய்து கொடுத்தேன்.

தீபாவளிக்குப் பதினொரு நாள் முன்பு மாமா குளியலறையில் விழுந்தார். மருத்துவமனையிலிருந்து திரும்பவில்லை. ஒரு மாதம் முன்னால் வந்திருக்கலாமே என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னாராம். வயிற்றுக்குள் இருந்ததைப் பற்றிய அறிக்கை மாமாவின் அலமாரியில், சட்டைகளுக்கு அடியில் கிடைத்தது. அதில் இருந்த தேதி, சாப்பாட்டு அறை காணாமல் போனதற்கு நான்கு நாள் முந்தையது. அந்தக் காகிதத்தை நான் பார்த்துவிட்டு, அவருக்காகச் சாமி கும்பிட்டு விபூதி வைத்தேன் என்று அவர் நினைத்திருக்கிறார். இதை நான் புரிந்துகொள்ளப் பல வருடம் ஆயிற்று.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கப்பலைத் திறந்தேன். விளையாட்டில் தாது வெட்டிப் புதுத் தகடு செய்ய நெடுநேரம் உட்கார வேண்டும். அவரால் அது முடியாமல் போயிருக்கிறது. அறைகளைப் பிரித்துத் தகடாக்கியிருந்தார். எடை அதனால்தான் மாறவில்லை. மையக்கல்லை என் அறைக்குப் பக்கத்தில் நகர்த்தி, இரண்டையும் சுற்றி ஏழு அடுக்குக் கவசம். கொள்ளையர் வந்தார்கள். கேடயம் தீர்ந்தது. என் அறையில் ஒரு விளக்குகூட அணையவில்லை.

அம்மாவிடம் நான் எதையும் சொன்னதில்லை. சத்தியம் செய்த வெள்ளிக்கிழமைக்கு நோட்டில் என் பதிவு, அடிக்கோடிட்டு, சுத்தமான கையெழுத்தில் இருக்கிறது: ‘மாமாதான். அவரே ஒத்துக்கொண்டார். எடை 1,240. பயப்பட ஒன்றுமில்லை.’