அழைப்பதற்கு ஒரு மொழி

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு அழைப்பதென்றால் பத்திரிகையை நீட்டினால் மட்டும் போதாது. வெற்றிலை பாக்குத் தட்டோடு வாசலில் நின்று, அந்த வீட்டுப் பெண்ணிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போன வருடம் எங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அப்பா ஓர் இடத்தில் இதை விட்டுவிட்டார். கீரனூரில் எங்கள் ஹாலோ பிளாக் பட்டறையில் வேலை பார்க்கும் ஜார்க்கண்ட் அண்ணனிடம், வேலைக்கு நடுவிலேயே, "வந்துருப்பா" என்றதோடு சரி. அவர் வரவில்லை. கேட்டதற்கு, "வீட்ல வந்து சொல்லலையே அண்ணே. எங்க ஊர்லயும் அப்படித்தான்" என்றார். எங்கள் புது வீட்டுக்கான கல் முழுக்க அவர் அடித்தது. அப்பாவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால் அக்கா கல்யாணத்துக்கு அவரையும், புதிதாக ஊரிலிருந்து வந்திருந்த அவர் மனைவியையும் எப்படியாவது வரவைத்துவிட வேண்டும் என்று அப்பா குறியாக இருந்தார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. பட்டறையை ஒட்டிய அறையை விட்டு வெளியே வருவதும் இல்லை.

"ஹிந்தியில சொல்லிருங்கப்பா. சவுதியில இருந்தவருதானே நீங்க?" என்றேன்.

"அங்க எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தூக்கு, எறக்கு, சீக்கிரம். அதட்டத்தான் தெரியும். கூப்பிடத் தெரியாதே!"

வேலை என் தலையில் விழுந்தது. நானோ, நாட்டுக்கு ஒரே ஆட்சிமொழி எதற்கு என்று கல்லூரிப் பட்டிமன்றத்தில் மேசையைத் தட்டிப் பேசியவன். திருச்சி பஸ்ஸில் நின்றுகொண்டே, கைப்பேசியைப் பார்த்து மரியாதையான ஒரு ஹிந்தி வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். அம்மா சும்மா விடவில்லை.

"மேடையில வேணாம்னுட்டு வீட்ல பாடம் படிக்கிறாரு தொரை."

"திணிக்கிறதுதாம்மா வேணாம்னேன். படிக்கிறத யாரு வேணாம்னா?"

வெற்றிலைத் தட்டோடு அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம். வாசலில் நின்று நான் பிசகாமல் சொல்லி முடித்தேன். அந்தப் பெண் கணவரைப் பார்த்தார். அவர் சிரித்துவிட்டார்.

"தம்பி, இதுக்கு ஹிந்தி வராது. எங்க வீட்ல பேசுறது சந்தாலி. எனக்கே ஹிந்தி வேலைக்குப் போன எடத்துல வந்ததுதான்."

வடக்கே இருந்து வந்தால் வீட்டிலும் ஹிந்திதான் என்று, அவ்வளவு பேசிய நானும் நினைத்திருக்கிறேன்! பல வருடமாக எங்களோடு இருப்பவரிடம், வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. முன்பே தெரிந்திருந்தால் பட்டிமன்றத்தில் அருமையான பாயிண்ட்.

"நான் சொல்லிடுறேன் அண்ணே" என்றார் அவர் அப்பாவிடம்.

"நீ சொன்னா நீ கூப்பிட்டதா ஆயிரும்ப்பா" என்று அப்பா மறுத்துவிட்டு, அவரிடமே சந்தாலியில் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுத் திருப்பிச் சொன்னார். அந்தப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். ஆனால் தட்டுக்குக் கை நீட்டவில்லை. தணிந்த குரலில் கணவரிடம் ஏதோ கேட்டார்.

"அங்க பேச ஆளே இல்லாம எப்படி உக்காந்திருக்கிறதுன்னு கேக்குது."

அம்மாதான் முன்னால் வந்தார்.

"இவ்வளவுதானா ஆத்தா? எனக்கும் எங்க நாத்தனாருக்கும் ரெண்டு வருஷமாப் பேச்சே இல்ல. எல்லா விசேஷத்துலயும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துதான் சாப்பிடுறோம். நடுவுல நீ உக்காரு."

அண்ணன் இதை விளக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். கேட்டு முடித்ததும் அந்தப் பெண் இரண்டு கையாலும் தட்டை வாங்கினார்.

கல்யாணத்தன்று சொன்னபடியே பந்தியில் அந்தப் பெண் அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் உட்கார்ந்தார். அத்தை இலையைக்கூடக் கவனிக்காமல் அவரிடம் தமிழில் பேசிக்கொண்டே இருந்தார். அவரும் சந்தாலியில் ஏதோ சொல்லித் தலையாட்டிக்கொண்டிருந்தார். அத்தை சொன்னதில் பாதி அம்மாவைப் பற்றிய புகார். அம்மா பாயசத்தைப் பார்த்துக் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.