ஏபி ரத்தத்தின் கர்வம்

போன ஞாயிறு சிங்கப்பூர் தோ பாயோ மார்க்கெட்டில் ஒரு வாசகர் என்னை மறித்தார். "ரெண்டு வாரமா உங்க பத்தியக் காணோமே சார்? போய்ட்டீங்களோன்னு நெனச்சேன்."

போகத்தான் பார்த்தேன்!

காலெல்லாம் சிவப்புப் புள்ளிகள். எண்ணினேன்... முழங்காலைத் தாண்டுவதற்குள் நூறு. ஆஸ்பத்திரிக்குப் போனால், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துவிட்டன என்றார்கள். இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை ஏற்றினார்கள். ஏகப்பட்ட பேர் தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புச் சக்தியாம்.

"யார் ரத்தமும் எனக்கு ஒத்துக்கும் டாக்டர். நான் ஏபி க்ரூப்" என்றேன் பெருமையாக.

என் மனைவி ரெஜினா ஓ க்ரூப். "நான் எல்லாருக்கும் குடுக்குற கட்சி டாக்டர். இவர் எல்லார்கிட்டயும் வாங்குற கட்சி. வீட்லயும் அப்படித்தான்."

தட்டணுக்கள் ஏறின. மறுநாள் வீடு என்றார்கள். ஆனால் அந்த மறுநாள் காலை சிறுநீர் கோப்பி-ஓ மாதிரி போனது. பால் விடாத கடுங்காப்பி நிறம்!

நர்ஸைக் கூப்பிட்டேன். யார் நம்புவார்கள்? மின்விசிறி ஆடுகிறது, கஞ்சியில் உப்பில்லை என்று வார்டையே படுத்தி எடுத்தவன் நான்.

"தண்ணி நெறைய குடிங்க லா, அங்கிள். நேத்து ட்ரிப் சொட்டக்கூட எண்ணிட்டிருந்தீங்க!"

ரெஜினா என் கண்ணை இழுத்துப் பார்த்தாள். "மஞ்சளா இருக்கே. காமாலைதான். தேக்கா மார்க்கெட்ல கீழாநெல்லி வாங்கி அரைச்சுட்டு வரேன்." போயே விட்டாள்.

எழுந்து நின்றால் தலை சுற்றியது. மூச்சு வாங்கியது. சாகப்போகிறவன் பேச்சைக் கேட்க ஆளில்லை. சாட்சியையாவது காப்பாற்றுவோம் என்று சிறுநீர்ப் பாட்டிலைப் போர்வைக்குள் வைத்துக் காவல் காத்தேன். துப்புரவு செய்யும் சீன அம்மா பிடுங்கப் பார்த்தார் — விடவில்லை.

டாக்டர் வந்தார். சின்னப் பெண், நம் தமிழ்ப் பெண்தான். பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போயிற்று. "ஏன் அங்கிள் முன்னாடியே சொல்லல?"

நான் சொல்லவில்லையாம்!

ரத்தத்தைச் சோதித்தார்கள். சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருந்தன. ஏ-யையும் பி-யையும் கண்டால் அடிக்கிற எதிர்ப்புப் பொருளும் அந்த மருந்தில் கலந்து வந்திருக்கிறது. என்னிடம்தான் இரண்டும் இருக்கிறதே! யாரிடமும் வாங்குவேன் என்று மார்தட்டியவனுக்கு இரண்டு பக்கமும் அடி.

"ஹீமோகுளோபின் ரொம்ப லோ. உடனே ப்ளட் ஏத்தணும்" என்றார் டாக்டர். "உங்க ஏபி குடுத்தா அதுவும் உடையும். ஓ மட்டும்தான் சேஃப். அதுல ஏ-யும் இல்ல, பி-யும் இல்ல."

வாசலில் ரெஜினா, கையில் கீழாநெல்லிச் சாற்றுப் பிளாஸ்க்கோடு. எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. பிளாஸ்க்கைச் சத்தமில்லாமல் பைக்குள் தள்ளினாள். பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஓ ரத்தம் இறங்க ஆரம்பித்தது. சொட்டுகளை எண்ணினேன். சற்று நேரத்தில் அவளும் சேர்ந்து எண்ணினாள்.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "கடைசியில எங்க க்ரூப்புகிட்டதானே வந்து நின்னீங்க?"

ஆமாம் என்று உடனே தலையாட்டினேன்... ரத்தப் பை இன்னும் பாதிதான் இறங்கியிருந்தது.