மறைப்புக்கு ஒரு விரிப்பு

என் அலமாரியின் அடித்தட்டு இப்போது காலியாக இருக்கிறது. போன மாதம்வரை அங்கே ஒரு படுக்கை விரிப்பு இருந்தது. நீலத்தில் வெள்ளைப் பூக்கள். ஓரத்தில் ரப்பர் பால் காய்ந்து கறுத்த கறை. அது என் அண்ணன் மனைவியுடையது. எங்கள் பக்கத்தில் மயினி என்போம். கீரிப்பாறைத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என்றே அந்த விரிப்பைத் தனியாக மடித்து வைத்திருந்தாள். படுப்பதற்கு அல்ல.

மார்பில் நெல்லிக்காய் அளவில் கட்டி தட்டுப்பட்டதும், யாரும் சொல்லாமலேயே மயினி கிளம்பிவிட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எல்லோரும் வேறு மாதிரிதான் பேசினார்கள். வேலையை விட்டு, பஸ் பிடித்து, என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் அறையில் ஒரே மேசை. அதைச் சுற்றிச் சீட்டும் கையுமாக ஒரு கூட்டம், பாதிப் பேர் ஆண்கள். கதவு திறந்தே கிடந்தது. டாக்டர் நிமிர்ந்து பார்க்காமலே ரவிக்கையை அவிழ்க்கச் சொன்னார்.

“இஞ்ச வச்சா டாக்டரே? ஆம்பிளைய நிக்காவளே,” என்றாள் மயினி மெதுவாக.

பதில் சொன்னது நர்ஸ். “பின்ன ஒனக்குத் தனியா ரூம் கெட்டித் தரணுமா? காட்டுனா காட்டு, இல்லேன்னா வழிய விடு.”

நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். மயினி இருமல் என்று எதையோ சொல்லி, இருமலுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் வைத்து, “இனி அந்தப் படியச் சவுட்ட மாட்டேன் மக்கா,” என்றாள்.

கட்டி புண்ணான பிறகுதான் மறுபடி போனோம். நான் அழுது கெஞ்சியதால் சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு. அந்த விரிப்பை நான் ஒரு பக்கமும் பக்கத்து வீட்டுக்காரி மறுபக்கமும் மறைத்துப் பிடிக்க வேண்டும். பிடித்தோம். “என்ன, கல்யாணப் பந்தலா?” என்று கேட்டார் அதே நர்ஸ். டாக்டர் வேறொருவர். பார்த்தார், பெருமூச்சு விட்டார். “இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க? முதல்லயே வர்றதுக்கு என்ன?” என்றார். விரிப்புக்குள் மயினி ரவிக்கையை மாட்டத் தொடங்கினாள்.

அவளை அடக்கம் செய்த அன்றும், படிப்பில்லாதவள், நோயை மூடி வைத்துவிட்டாள் என்றே பேசிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் இருந்தார், மருந்து இருந்தது, எல்லாம் இலவசம்தான். இல்லாமல் போனது கொஞ்சம் துணி. அதை அவள் வாய்விட்டுக் கேட்கவும் செய்தாள்.

போன மாதம் மயினியின் மகளை அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தாய்க்கு வந்ததால் மகளும் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்றார்கள். புதுக் கட்டடம், பளபளவென்று தரை, டோக்கன் எண்ணைக் கூப்பிட ஒரு இயந்திரக் குரல். சுவரில் ஒரு பெண்ணின் சிரித்த படம், அதன் கீழே ‘வெட்கப்படாமல் முன்கூட்டியே வாருங்கள்’ என்ற வாசகம். கட்டிலுக்கு மேலே திரைக்கான கம்பி இருந்தது. திரை இல்லை.

“தொவைக்கப் போட்டிருக்கு,” என்றார் இளம் நர்ஸ்.

“எப்பம் போட்டது?” என்று கேட்டேன்.

“அது நான் இஞ்ச வேலைக்கு வாறதுக்கு முன்ன.”

மயினியின் மகள் கதவைப் பார்த்தாள். வெளியே வரிசை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. “அத்தை, இன்னொரு நாள் வருவமா?” என்றாள். அவள் அம்மாவின் முகம் அப்படியே தெரிந்தது.

“வேண்டாம் மக்கா, நில்லு,” என்று பையைத் திறந்தேன். இதற்காகத்தான் அதைக் கொண்டுபோயிருந்தேன். கம்பியில் விரிப்பைப் போட்டதும் அவள் உள்ளே போனாள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் வருடா வருடம் வந்து பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

விரிப்பை எடுக்கக் கை நீட்டியபோது நர்ஸ் தடுத்தார். “அக்கா, அது அங்கயே கெடக்கட்டும். அடுத்த ஆளுக்கும் ஆவும்லா?”

அடுத்த பெண் ஏற்கெனவே அதன் பின்னால் போய் நின்றுவிட்டாள். விட்டுவிட்டு வந்தேன். மயினி கேட்ட மறைப்பு கடைசியில் அந்த அறைக்கு வந்துவிட்டது. அதையும் அவள்தான் கொடுக்க வேண்டியிருந்தது.